இணைந்தது, ஆனால் பேசவில்லை

மதுரையில் அக்கா வீட்டு வேப்பமரத்து நிழலில் கார் நின்றிருந்தது. சித்திரை மாதம், பகல் மூன்று மணி. ஓட்டுநர் இருக்கையில் மாமா, பக்கத்தில் நான். இரண்டு நாளாக டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும், என்ஜின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நிற்பதே இல்லை. மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் என்ன குறை என்று தானே பார்த்துவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்காக ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய சின்ன அடாப்டரை எடுத்து வந்திருந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால், காரின் கணினி சொல்வதையெல்லாம் புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும்.

செருகினார். அடாப்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. போனின் புளூடூத் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது. 1234 என்ற ரகசிய எண்ணைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. செயலியைத் திறந்தார். 'அடாப்டருடன் இணைந்தது' என்று பச்சையில் ஒரு வரி. அதன் கீழேயே சிவப்பில் இன்னொரு வரி: 'காருடன் தொடர்புகொள்ள முடியவில்லை.'

"என்ன மாப்ள இது? இணைஞ்சிருச்சுங்குது, அடுத்த வரியிலயே இல்லைங்குது. இதுல எதை நம்புறது?"

காரையும் போனையும் இணைக்கப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். பாட்டுக்காகவோ மேப்புக்காகவோ மாமாவைப்போல் குறை கண்டுபிடிக்கவோ முயன்றிருப்பார்கள். திரையில் 'இணைந்தது' என்று வரும், ஆனால் ஒன்றும் நடக்காது. மாமா கேட்டதற்கு என் பதில்: இரண்டு வரியையும் நம்பலாம். இரண்டும் உண்மை.

ஒரே சொல், நான்கு இடம்

போனிலிருந்து கார்க் கணினி வரை ஒரே கயிறு இழுத்துக் கட்டியிருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இருப்பது ஒரு சங்கிலி. அதில் நான்கு கண்ணிகள். முதல் கண்ணி, செயலிக்கும் போனுக்கும் இடையே: புளூடூத்தைப் பயன்படுத்தச் செயலிக்குப் போன் அனுமதி தந்திருக்கிறதா? இரண்டாவது, போனுக்கும் அடாப்டருக்கும் இடையே காற்றில் இருப்பது. மூன்றாவது, அடாப்டருக்கும் கார் சாக்கெட்டுக்கும் இடையே உலோகத்தில் இருப்பது. நான்காவது, அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் போகும் வயரின் மறுமுனையில் உள்ள கணினி விழித்திருக்கிறதா, நாம் பேசும் மொழியைத்தான் பேசுகிறதா என்பது.

ஒவ்வொரு கண்ணியும் தன் எல்லைக்குள் நின்று 'இணைந்தது' என்று சாட்சி சொல்கிறது. போனின் புளூடூத் பட்டியல் இரண்டாம் கண்ணியைப் பற்றி மட்டும் பேசும். மூன்றாவதும் நான்காவதும் அதற்குத் தெரியாது. மாமாவின் செயலியில் பச்சை வரி இரண்டாம் கண்ணியின் சாட்சி, சிவப்பு வரி அதற்கு அப்பால் உள்ளவற்றின் சாட்சி. ஆக, சங்கிலி எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று செயலி ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் நம்மில் பலரும் செய்வது, எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது. புளூடூத்தை அணைத்துப் போடுவோம், அடாப்டரைப் பிடுங்கிச் செருகுவோம், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவோம். சில சமயம் இது பலிக்கவும் செய்யும். பாதியில் நின்றுபோன ஓர் உரையாடலை ஒரு பக்கம் இன்னும் நடப்பதாக நினைத்துக்கொண்டு, மறுபக்கத்தின் புதிய அழைப்பை ஏற்காமல் இருக்கும். அணைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் பழசை மறந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் நான்கு கண்ணிகளையும் ஒரே நேரத்தில் கலைத்துவிட்டால், எது அறுந்திருந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்து போய்விடும். நாளைக்கு அதே இடத்தில் அறும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் விசாரித்துப் பார்ப்பது என் பழக்கம்.

புளூடூத் கேட்டால் இருப்பிடம் ஏன்?

முதல் கண்ணியில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. அடாப்டரைத் தேடும் செயலி, 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி தேவை' என்று கேட்கும். காரின் சூட்டைப் பார்க்க நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு என்று எச்சரிக்கையோடு மறுத்துவிடுவோம். பிறகு செயலி எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையான பதிப்புகளில் விதி அப்படி. காரணமும் நியாயமானது. கடைகளிலும் விமான நிலையங்களிலும் இடம் மாறாமல் நிலையாக இருக்கும் புளூடூத் கருவிகள் உண்டு. சுற்றிலும் எந்தெந்தக் கருவிகள் தெரிகின்றன என்று ஒரு செயலி அறிந்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் அதனால் கணித்துவிட முடியும். அதனால் புளூடூத் தேடலை இருப்பிட அனுமதியோடு சேர்த்துக் கட்டினார்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்தது. மாமாவின் போனில் அந்த அனுமதி இருந்தது. இல்லாவிட்டால் பச்சை வரியே வந்திருக்காது.

தாவித் தாவிப் பேசும் அலை

இரண்டாம் கண்ணிக்கு வருவோம். இணைப்பு வரவில்லை என்றதும் முதலில் பழி விழுவது காற்றில் போகும் அலை மீதுதான். "சிக்னல் சரியில்லை" என்போம். காருக்குள் இது பெரும்பாலும் அநியாயமான பழி.

புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். உலகம் முழுக்க உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய இடம் அது. சந்தைக் கடை மாதிரி நெரிசலானது. வீட்டு வைஃபை அங்கே இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். அந்தக் கூச்சலில் பேசுவதற்குப் புளூடூத் கையாளும் உத்தியை 'அலைவரிசைத் தாவல்' என்று சொல்லலாம். இடத்தை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, வினாடிக்கு 1600 முறை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. எந்த வரிசையில் தாவுவது என்பது இரண்டு முனைகளுக்கும் மட்டும் பொதுவானது. ஒரு பாதையில் வேறு யாராவது கத்திக்கொண்டிருந்தால் அந்த ஒரு துணுக்கு மட்டும் கெடும். அடுத்த தாவலில் அதைத் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். தொடர்ந்து கெடும் பாதைகளை ஒதுக்கிவிட்டுத் தாவவும் 2003 முதல் புளூடூத் கற்றுக்கொண்டது.

இதே எண்ணத்துக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லாமர், ஹாலிவுட் நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆன்தைல், இசையமைப்பாளர். நீரில் ஏவும் டார்ப்பிடோவை வானொலியால் இயக்கும்போது எதிரி அந்த அலையைக் குழப்பிவிடாமல் இருக்க, பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருளைப்போல் ஒன்றை இரு முனையிலும் வைத்து, ஒரே நேரத்தில் அலைவரிசையை மாற்றுவது அவர்கள் திட்டம். போரில் அது பயன்படவில்லை. ஆனாலும் ஒரு நடிகையும் ஓர் இசைக் கலைஞரும் உட்கார்ந்து யோசித்த அந்த எண்ணத்தின் சாயலை இன்று ஒவ்வொரு காரிலும் பார்க்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

போனும் அடாப்டரும் ஒரு மீட்டருக்குள் இருக்கின்றன. சாதாரணப் புளூடூத் கருவியே பத்து மீட்டர் எட்டும். அலை வலுவில்லாமல் போவதற்குக் காருக்குள் வாய்ப்பு குறைவு. இரண்டாம் கண்ணியில் பழுது வந்தால், அது அலையில் இருப்பதைவிட நினைவில் இருப்பதே அதிகம்.

எண் சேமித்தது வேறு, பேசுவது வேறு

முதல் தடவை இரண்டு கருவிகளைப் பழக்கும்போது, அவை தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. இதை 'ஜோடி சேர்த்தல்' என்று அழைப்போம். ஒருவரின் எண்ணைப் போனில் சேமித்து வைப்பது போன்றது இது. எண் இருக்கிறது என்பதால் அவர் லைனில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பட்டியலில் பெயர் தெரிவது ஜோடி சேர்ந்ததற்கு அடையாளம். பேச்சு நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஒரு பக்கம் மட்டும் சாவியைத் தொலைத்துவிட்டால் வரும் சிக்கல் விசித்திரமானது. காரின் மியூசிக் சிஸ்டத்தை யாரோ பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனிடம் சாவி இருக்கிறது, காரிடம் பூட்டு மாறிவிட்டது. போன் நம்பிக்கையோடு தட்டும், கார் திறக்காது. இதற்கு ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது. போனிலும் காரிலும் இரண்டிலுமே பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்தச் சிறு அடாப்டர்கள் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். வீட்டில் இன்னொருவர் போன் முன்பே பழகியிருந்து, அதில் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், லைன் பிஸி. இதைக் கண்டுபிடிக்க எந்தத் திரையும் உதவாது. வீட்டுக்குள் போய்க் கேட்க வேண்டியதுதான்.

அக்கா மகளின் ஐபோன்

நாங்கள் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா மகள் தன் ஐபோனோடு வந்து என்னிடம் கேட்டாள். "மாமா, என் போன்ல அந்த அடாப்டர் பேரே வரலையே?"

வராது. புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகை இருக்கின்றன. பழைய வகை ஒன்று. 2010இல் வந்த, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை இன்னொன்று. மாமா வாங்கியது பழைய வகை. அந்த வகையில் செயலிகள் தகவல் பரிமாற ஐபோன், ஆப்பிளின் ஒப்புதல் பெற்ற கருவிகளை மட்டுமே விடும். அவள் போனில் குறையில்லை, அடாப்டரிலும் குறையில்லை. இருவருக்கும் பொதுக் கதவு இல்லை. ஐபோனுக்கென்றால் புதிய வகை அடாப்டரோ, வைஃபை அடாப்டரோ வாங்க வேண்டும். புதிய வகையில் ஒரு தலைகீழ் வழக்கம் உண்டு: போனின் புளூடூத் பட்டியலுக்குப் போய் ஜோடி சேர்க்கக் கூடாது, செயலிக்குள்ளிருந்தே நேராக இணைக்க வேண்டும்.

வைஃபை அடாப்டரில் வேறொரு பொறி. அது ஒரு சின்ன வைஃபை வலையைப் பரப்பும். போன் அதில் சேரும். ஆனால் அந்த வலையில் இணையம் கிடையாது. போன் சில வினாடி பார்த்துவிட்டு, 'இந்த வைஃபையில் ஒன்றும் வரவில்லை' என்று தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். செயலியின் கேள்வி அடாப்டருக்குப் போவதற்குப் பதிலாக செல்போன் கோபுரத்துக்குப் போய்விடும். மொபைல் டேட்டாவை ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் சரியாகும். நம் நன்மைக்காகப் போன் செய்யும் கெட்டிக்காரத்தனம் இந்த ஓரிடத்தில் இடைஞ்சலாகிறது.

பாட்டு வருகிறது, மேப் வரவில்லை

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, புதிய கார்களில் வயர் இல்லாமல் ஓடும் ஆண்ட்ராய்டு ஆட்டோவைப் பற்றி. 'போன் பேச முடிகிறது, பாட்டும் கேட்கிறது, ஆனால் திரையில் மேப் வரவில்லை' என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே வேலை செய்வது இரண்டு வானொலிகள். புளூடூத் தரகர் மாதிரி. போனும் காரும் முதலில் அதன் வழியாகத்தான் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. காருக்குள் இருக்கும் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கார் அதன் வழியாகத்தான் போனுக்குக் கொடுக்கிறது. மேப் படம் புளூடூத்தின் ஒடுங்கிய பாதையில் போகாது. அது பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போகும்.

அழைப்பு வேலை செய்கிறது என்றால் தரகர் தன் வேலையை முடித்துவிட்டார். குறை வைஃபைக்கு மாறும் இடத்தில் இருக்கிறது. போனில் வைஃபை அணைந்திருக்கலாம், ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருக்கலாம், விபிஎன் செயலி எல்லாப் போக்குவரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். புளூடூத்தைப் பத்து முறை அணைத்துப் போடுவதால் இங்கே பயன் இல்லை.

நடுவில் வெட்டிப் பார்ப்பது

மாமாவின் காருக்குத் திரும்புவோம். கண்ணிகள் நான்கு, ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட நடுவில் ஒரு கேள்வி கேட்டால் வேலை பாதியாகும். தெருவில் குடிநீர்க் குழாய் அடைத்தால் நடு வீட்டில் திறந்து பார்ப்பார்களே, அதுபோல.

நடுவில் இருப்பது அடாப்டர். அதனிடமே பேசிவிடலாம். 'புளூடூத் டெர்மினல்' என்ற வகைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் தட்டும் எழுத்தை அப்படியே அடாப்டருக்கு அனுப்பி, அதன் பதிலை அப்படியே காட்டும். முதல் செயலியை மூடிவிட்டு இதைத் திறந்தோம். லைன் ஒன்றுதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை இஎல்எம் 327 என்ற சில்லையோ அதன் நகலையோ கொண்டவை. அதற்கான கட்டளைகள் 'ஏடி' என்று தொடங்கும். அது 'கவனி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. 1981இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தொலைபேசி மோடத்துக்காக ஏற்படுத்திய வழக்கம் இது. டயல் செய்து இணையம் போன காலத்தின் மொழி ஒரு காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இன்னும் உயிரோடு இருக்கிறது.

'ஏடி ஐ' என்று அனுப்பினோம்: உன் பெயர் என்ன? உடனே பெயரையும் பதிப்பு எண்ணையும் சொன்னது. போன் முதல் அடாப்டர் வரை, இரண்டு கண்ணிகளும் நன்றாக இருக்கின்றன. புளூடூத் மீதான சந்தேகம் இத்தோடு தீர்ந்தது.

அடுத்து 'ஏடி ஆர்வி': உன்னிடம் வரும் மின்னழுத்தம் எவ்வளவு? 12.2 வோல்ட் என்றது. இதைச் சொல்ல அதற்குக் கார்க் கணினியின் உதவி தேவையில்லை. சாக்கெட்டில் 16 துளைகள். அவற்றில் 16ஆம் துளையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். அதை அளந்தே சொல்லிவிடும். சாக்கெட்டில் நன்றாக அமர்ந்திருக்கிறது, மின்சாரம் வருகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. அடாப்டரில் விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பல கார்களில் சிகரெட் லைட்டரும் இந்தச் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். எப்போதும் மின்சாரம் இருப்பதால்தான் அடாப்டரை வாரக்கணக்கில் செருகியே வைக்கக் கூடாது என்பதும். பேட்டரி கரையும். 1234 தெரிந்த எவரும் வெளியிலிருந்து இணையவும் கூடும்.

மூன்றாவது கேள்வி நேராகக் காருக்கு. '0100' என்றால், 'உன்னிடம் என்னென்ன அளவுகள் கேட்கலாம்?' என்று பொருள். சில வினாடி மௌனம். பிறகு 'கேன் பிழை' என்றது அடாப்டர்.

சாவி எந்தப் படியில் இருக்கிறது?

ஃபேன் சத்தம் காதைக் குடைகிறது என்று மாமா சாவியை ஒரு படி பின்னால் திருப்பி வைத்திருந்தார். பாட்டு ஓடியது, அதனால் கார் 'ஆன்' ஆகத்தான் இருக்கிறது என்று இருவருக்கும் எண்ணம். ஆனால் அந்தப் படியில் மின்சாரம் போவது ரேடியோ, லைட்டர் போன்றவற்றுக்கு மட்டும். என்ஜின் கணினி தூங்குகிறது. டாஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும்; அதுதான் கணினி விழித்ததற்கு அடையாளம். சாவிக்குப் பதில் பட்டன் உள்ள கார்களில், பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் இந்த நிலை வரும்.

மாமா சாவியை முன்னால் திருப்பினார். மஞ்சள் விளக்கு வந்தது, ஃபேனும் சுற்றியது. மறுபடி '0100'. மறுபடி 'கேன் பிழை'.

எந்த மொழி, எந்த வாசல்?

அந்தப் பதிலிலேயே துப்பு இருந்தது. 'கார் பேசவில்லை' என்று அடாப்டர் சொல்லவில்லை. 'கேன்' என்று ஒரு பெயரைச் சொன்னது. கேன் என்பது காருக்குள் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் பேச ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் அறிமுகம் செய்த மொழி. முறுக்கிய இரண்டு வயரில் எல்லாக் கணினிகளும் தொங்கிக்கொண்டு, ஒன்று பேச மற்றவை கேட்கும். இன்றைய கார்களின் மொழி இதுதான்.

ஆனால் சாக்கெட் அதற்கு முந்தைய மொழிகளையும் தாங்கி நிற்கிறது. அந்தச் சாக்கெட் ஏன் வந்தது என்று பார்த்தால் லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே கண்ணை எரித்த அந்த மூட்டத்துக்கு வாகனப் புகையும் எண்ணெய் ஆவியும் வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியா வாகனப் புகைக்கு விதிகள் கொண்டுவந்தது. புகைக் கட்டுப்பாடு கெட்டால் காரே அதைச் சொல்ல வேண்டும், எந்த மெக்கானிக்கும் ஒரே வகைச் சாக்கெட்டில் அதைப் படிக்க முடிய வேண்டும் என்ற நிலை 1996 முதல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. இந்த ஏற்பாட்டை ஓபிடி 2 என்பார்கள். நம் செயலிகள் நுழையும் கதவு, மூச்சுக் காற்றுக்காகத் திறக்கப்பட்ட கதவு. சாக்கெட்டை ஒன்றாக்கியவர்கள் மொழியை ஒன்றாக்கவில்லை. அன்று நிறுவனங்கள் பேசிய வெவ்வேறு மொழிகளை அப்படியே அனுமதித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு துளைகளை ஒதுக்கினார்கள். கேன் பேசுவது 6, 14ஆம் துளைகளில். மாமாவின் கார் போன்ற பழைய கார்கள் பல பேசுவது 7ஆம் துளையில், கேனைவிடப் பல மடங்கு மெதுவாக.

"மாமா, இதை இதுக்கு முன்னாடி வேற கார்ல போட்டீங்களா?"

"ஆமா மாப்ள. வாங்குன அன்னைக்கு நம்ம சிநேகிதர் புதுக் கார்ல போட்டுப் பார்த்தோம். சீக்கிரம் இணையட்டும்னு அவர் பையன் ஏதோ செட்டிங் மாத்துனான்."

புதுக் கார் என்பதால் 'எப்போதும் கேன்' என்று நிலையாகப் பதித்துவிட்டிருக்கிறான். அவன் செய்தது அந்தக் காருக்குச் சரி. தேடும் நேரம் மிச்சம். அந்தப் பதிவு அடாப்டரின் நினைவில் தங்கிவிட்டது. இந்தக் காரில் அது 6, 14 என்ற வாசல்களில் தட்டிக்கொண்டிருந்தது. கணினியோ 7ஆம் வாசலில் காத்திருந்தது.

'தானே தேடிக்கொள்' என்பதற்கான கட்டளையை அனுப்பிவிட்டு, மறுபடி '0100'. அடாப்டர் 'தேடுகிறேன்' என்றது. மாமாவின் விரல் மறுபடி தட்டப் போனது, பிடித்து நிறுத்தினேன். சில பழைய கார்களை எழுப்ப வினாடிக்கு ஐந்து பிட் என்ற நத்தை வேகத்தில் ஓர் அழைப்பு அனுப்ப வேண்டும். அதற்கே இரண்டு வினாடி ஆகும். ஒவ்வொரு மொழியாக முயலும்போது பத்து வினாடி தாண்டலாம். நடுவில் எதைத் தட்டினாலும் இந்தச் சில்லு தேடலைப் பாதியில் விட்டுவிடும். இணைப்பு வராமல் போவதற்கு அவசரமும் ஒரு தொழில்நுட்பக் காரணம்.

கைகட்டி உட்கார்ந்திருந்தோம். '41 00' என்று தொடங்கி எண்கள் வரிசையாக வந்தன. நான்காவது கண்ணி சேர்ந்துவிட்டது.

சித்திரை வெயிலில் மைனஸ் 40

இனி காரையே கேட்கலாம். '03' என்று அனுப்பினால், 'உன்னிடம் என்ன குறை பதிவாகியிருக்கிறது?' பதில்: '43 01 18'. கேட்ட எண்ணோடு 40 சேர்த்துச் சொல்வது, 'இது உன் கேள்விக்கான பதில்' என்பதற்கு அடையாளம். மிச்சம் 0118. மெக்கானிக்குகள் பி0118 என்பார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் அளவு மிதமிஞ்சிப் போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து '0105', அந்த நீரின் சூடு எவ்வளவு? பதில்: '41 05 00'. சூடு 00. இங்கே ஒரு சின்ன வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிலில் கழித்தல் குறிக்கு இடமில்லை, பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே கிடையாது. ஆனால் குளிர் நாடுகளில் காரின் நீர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதனால் உண்மை அளவோடு 40ஐக் கூட்டி அனுப்புகிறார்கள். வாங்குபவர் 40ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். பூஜ்யத்தில் 40 போனால் மைனஸ் 40 டிகிரி.

மதுரையில், சித்திரை மாதத்தில், மைனஸ் 40. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தச் சென்சாரின் உள்ளே இருப்பது, சூடு ஏற ஏற மின்சாரத்துக்குத் தடையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு பொருள். குளிர்ந்தால் தடை கூடும். தடை மிகப் பெரிதாக இருந்தால் கணினி அதை மிகக் கடுங்குளிர் என்று வாசிக்கும். வயரே அறுந்துபோனால்? தடை எல்லையில்லாமல் போகும். கணினியின் கண்ணுக்கு அது அளவுகோலின் அடிமட்டக் குளிர். இந்த அளவை நம்ப முடியாது என்று தெரிந்த கணினி, என்ஜின் கொதித்துவிடக் கூடாதே என்று ஃபேனை ஓடவிட்டது. இரண்டு நாளாக மாமாவைத் தொந்தரவு செய்த ஃபேன், உண்மையில் அவருடைய என்ஜினைக் காத்துக்கொண்டிருந்தது.

பானட்டைத் திறந்தோம். சென்சாருக்குப் போகும் மெல்லிய வயரில் எலி கடித்த தடம். அதன் ஓரத்தில் வேப்பங்கொட்டைத் தோல்.

ஏழு ரூபாய் எட்டணா

தெரு முனை மெக்கானிக் வந்து வயரைச் சேர்த்து, உறை போட்டு, பதிவான குறையை அழித்துவிட்டுப் போனார். என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு மாமாவே '0105' என்று தட்டினார். இந்த முறை பதில்: '41 05 78'.

"78ல 40 போனா 38தான். கால் மணி நேரம் ஓடுன என்ஜினுக்கு இது கம்மியா இல்ல?"

சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்த 78 நாம் எண்ணும் 78 இல்லை. நாம் பத்துப் பத்தாகச் சேர்த்து அடுத்த இடத்துக்குப் போகிறோம். கணினி பதினாறு பதினாறாகச் சேர்க்கிறது. புதுமையாகத் தோன்றினாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பழகிய கணக்கு. 1957இல் நயா பைசா வருவதற்கு முன்னால், ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. இடப்பக்க எண் ரூபாய், வலப்பக்க எண் அணா. 78 என்பது ஏழு ரூபாய் எட்டணா.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் அம்மா எங்களை முந்திக்கொண்டார். "ஏழு ரூவான்னா நூத்திப் பன்னெண்டு அணா. எட்டணாவச் சேத்தா நூத்தி இருவது."

120இல் 40 கழித்தால் 80 டிகிரி. நன்றாக ஓடும் என்ஜினுக்குப் பொருத்தமான சூடு. டெர்மினலை மூடிவிட்டு, பழைய செயலியைத் திறந்து, அதிலும் கார் மொழியைத் 'தானே தேடு' என்று மாற்றினோம். இரண்டு வரிகளும் பச்சையில் வந்தன. கீழே வட்டமான ஒரு மானியின் முள் 80இல் நின்றது.

இன்னும் சிறிது நேரத்தில் சூடு தொண்ணூறைத் தாண்டியபோது ஃபேன் தானாகச் சுற்றியது. சூடு இறங்கியதும் தானாக நின்றது. மாமா என்ஜினை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார்.